ஃபோர்க் பழசு, சக்கரம் புதுசு: 26, 27.5, 29 மாற்றத்தில் எந்த வழி யாருக்கு

மவுண்டன் பைக்கின் சக்கர அளவை மாற்ற நினைப்பவருக்கு முன்பக்கத்தில் நான்கு வழிகள் தெரியும். இருக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கிலேயே புதுச் சக்கரத்தைப் பூட்டிவிடலாம். டிராவலை, அதாவது ஃபோர்க் அமுங்கும் தூரத்தை, குறைத்து இடம் பண்ணப் பார்க்கலாம். மேல்பாதியை வைத்துக்கொண்டு, சக்கரம் பூட்டும் கீழ்ப்பாதியான லோயரை மட்டும் மாற்றலாம். இல்லையென்றால் ஃபோர்க்கையே மாற்றிவிடலாம். பலர் இரண்டாவதில்தான் முதலில் கைவைக்கிறார்கள். பெரிய சக்கரத்துக்குப் போகும்போது நான்கில் உதவாத ஒரே வழியும் அதுதான். முடிவெடுக்க உதவுவது டிராவல் எண் அல்ல, ஃபோர்க் முழுக்க அமுங்கி முட்டி நிற்கும்போது டயர் தலைக்கும், இரு கால்களையும் மேலே இணைக்கும் கிரவுனின் அடிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சுகிறது என்ற கணக்கு. அதை அளக்காமல் எந்த உதிரிபாகத்தையும் வாங்க வேண்டாம்.

முதலில் எண்கள்

26, 27.5, 29 என்பவை அங்குலப் பெயர்கள்; ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 26க்கு 559 மி.மீ., 27.5க்கு 584, 29க்கு 622. 27.5 என்ற பெயர் இரண்டுக்கும் நட்டநடுவில் இருப்பதுபோல ஒரு எண்ணத்தைக் கொடுக்கும். உண்மையில் அது 26 பக்கம் சாய்ந்த அளவு. 26லிருந்து 27.5க்குப் போனால் ஆரம் 12.5 மி.மீ. மட்டுமே கூடும்; 27.5லிருந்து 29க்கு 19 மி.மீ. முதல் தாவலைப் பழைய ஃபோர்க்குகள் பல தாங்கிக்கொண்டதற்கும், இரண்டாவதை ஏறக்குறைய எதுவும் தாங்காததற்கும் இந்த வித்தியாசமே காரணம்.

ஃபோர்க்குக்கு ரிம் அளவு ஒரு பொருட்டல்ல, டயரின் வெளி ஆரம்தான் கணக்கு. ரிம் விட்டத்தில் பாதியோடு டயர் அகலத்தை (× குறிக்குப் பின் அங்குலத்தில் வரும் எண்) கூட்டினால் ஏறக்குறைய அது கிடைக்கும்:

26×2.5: 343 மி.மீ.
27.5×2.1: 345
27.5×2.4: 353
27.5×2.8: 363
29×2.1: 364
27.5×3.0: 368
29×2.3: 369
29×2.5: 375

இது தோராயம்தான். ரிம்மின் உள் அகலத்தையும், டயரில் துருத்தும் கட்டைகளின் உயரத்தையும் பொறுத்து சில மில்லிமீட்டர் ஏறும், இறங்கும். டயரை ரிம்மில் மாட்டி, ஓட்டும் அழுத்தத்துக்குக் காற்றடித்து, ஒரு நாள் விட்டு, சுற்றளவை அளந்து 6.283ஆல் வகுத்தால் நம்பத்தக்க எண் வரும். ஒரு நாள் விடுவதற்குக் காரணம் உண்டு: புது டயர் மாட்டிய பிறகு கொஞ்சம் விரியும்.

பட்டியலை மறுபடி பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். 27.5×2.8, 27.5×3.0 இரண்டும் கிட்டத்தட்ட 29தான். 29க்கான பூஸ்ட் (110 மி.மீ. அகல ஹப் ஏற்கும்) ஃபோர்க்குகள் பலவற்றில் ‘29/27.5 பிளஸ்’ என்று சேர்த்தே அச்சடித்திருப்பது இதனால்தான்.

முட்டும் இடம் மூன்று

டயர் முட்டக்கூடிய இடங்கள் மூன்று: இரு கால்களையும் டயருக்கு மேலே இணைக்கும் வளைவான ஆர்ச்சின் அடி, இரு கால்களின் உட்புறம், கிரவுனின் அடி. முதல் இரண்டும் லோயரின் அங்கங்கள், சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போவன. சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டால் அங்கே இடமிருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாவதுதான் ஏமாற்றும். நிற்கும்போது கிரவுனுக்கும் டயருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் தெரியும்; ஃபோர்க் முழுக்க அமுங்கினால்தான் உண்மை வெளிவரும். பெரிய பள்ளத்தில் இறங்கி ஃபோர்க் அடிவரை போகிற அந்த நொடியில் டயர் கிரவுனில் முட்டினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு முன்னால் போய் விழுவார்.

அளப்பது எளிது. சக்கரத்தைக் கழற்றி, காற்று முழுவதையும் விட்டு, வால்வ் கோரையும் எடுத்துவிடுங்கள். கோர் உள்ளே இருந்தால் மிஞ்சிய காற்று மெத்தைபோல் நின்று கடைசி ஐந்தாறு மில்லிமீட்டரை மறைத்துவிடும். இப்போது ஃபோர்க்கை உடல் எடை போட்டு அமுக்குங்கள். ரப்பர் பம்பரில் மெத்தென்று தட்டியதோடு நிறுத்தாமல், அதுவும் நசுங்கி நிற்கும் வரை அமுக்க வேண்டும். அந்த நிலையில் ஆக்சிலின் மையத்திலிருந்து கிரவுனின் அடிவரை அளந்து, டயர் ஆரத்தைக் கழித்தால் மிச்சம்தான் இடைவெளி. தயாரிப்பாளரின் கையேட்டில் குறைந்தபட்ச இடைவெளியோ அதிகபட்ச டயர் விட்டமோ இருக்கும், அதுவே சட்டம். கையேடு கைவசம் இல்லையென்றால் 6 மி.மீ.க்குக் கீழே இறங்கவே வேண்டாம், 10 இருந்தால் நிம்மதி. டயர் கட்டைக்கு இடையில் சிக்கும் கல்லுக்கும், பக்கவாட்டில் ரிம் வளைவதற்கும் அந்த இடம் தேவைப்படும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 150 மி.மீ. டிராவல் உள்ள ஒரு 27.5 ஃபோர்க், முழுக்க அமுங்கியபோது ஆக்சிலிலிருந்து கிரவுன் அடிவரை 372 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 27.5×2.4 டயருக்கு 19 மி.மீ. மிஞ்சும், தாராளம். 27.5×2.8க்கு 9. 29×2.3 போட்டால் 3 மி.மீ., கூடாது. 29×2.5 என்றால் மைனஸ் 3, அதாவது டயர் கிரவுனுக்குள் புகுந்திருக்க வேண்டும். 29×2.1க்கு 8 மி.மீ. வருகிறதே என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். கிரவுனில் தப்பித்தாலும் ஆர்ச்சின் அடியில் மாட்டிக்கொள்ளும். அங்கே ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும், முதல் சேற்றிலேயே டயர் ஆர்ச்சைத் தேய்க்கத் தொடங்கிவிடும். ஆர்ச்சின் அடியை அரத்தால் ராவி இடம் பண்ணுவது வேண்டவே வேண்டாம். அது மெல்லிய மெக்னீசியம் வார்ப்பு. இரு கால்களையும் ஒன்றாகப் பிடித்து முறுக்கு விசையைத் தாங்குவதில் அந்த வளைவுக்குப் பெரும் பங்கு.

டிராவலைக் குறைத்தால் இடம் கிடைக்காது

ஏர் ஷாஃப்டை, அதாவது காற்றறைக்குள் போகும் தண்டை, மாற்றி 150ஐ 130 ஆக்கினால் 20 மி.மீ. இடம் கூடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஷாஃப்ட் குட்டையாவதால் மாறுவது ஃபோர்க் எவ்வளவு நீளும் என்பது மட்டுமே. முழுக்க அமுங்கினால் எங்கே போய் நிற்கும் என்பது அப்படியே இருக்கும். ஷாஃப்டின் கீழ்முனை லோயரின் தரையில் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறது, மேல்முனையில் பிஸ்டன். ஃபோர்க் நீளும்போது பிஸ்டன், ஸ்டான்ஷனின் (லோயருக்குள் நுழையும் மேல்குழாய்) அடியில் காற்றை அடைக்கும் மூடியான சீல் ஹெட்டில் போய்த் தட்டி நிற்கும். ஷாஃப்ட் குட்டையானால் சீக்கிரமே தட்டும், அவ்வளவுதான். அமுங்கும்போது ஸ்டான்ஷன் எங்கே போய் நிற்கிறது என்பதில் ஷாஃப்ட் நீளத்துக்குப் பங்கே இல்லை.

அச்சிலிருந்து கிரவுனின் மேல்பக்கம் வரை 532 மி.மீ. இருந்த ஃபோர்க் 512 ஆகும். 532லிருந்து 150 போனாலும் 382, 512லிருந்து 130 போனாலும் 382. டயர் முட்டுவது இந்த முழுக்க அமுங்கிய நிலையில்தான். அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை.

காற்றறைக்குள் டோக்கன் (காற்றுக்கான இடத்தைக் குறைக்கும் துண்டு) கூட்டினால் அடிவரை போகாது என்பதும் இதே வகைத் தப்புக்கணக்கு. டோக்கன் தடுப்பது காற்றின் துணையோடு. வால்வில் ஒரு கசிவு வந்தால் அந்தத் துணை போய்விடும். சக்கரத்துக்கும் கிரவுனுக்கும் நடுவே காற்றை நம்பி உயிரை வைக்கக் கூடாது. பம்பருக்கு அடியில் கெட்டியான வளையம் செருகி, அமுங்கும் தூரத்தையே வெட்டிவிடுபவர்களும் உண்டு. கணக்கில் அது சரிதான், 20 மி.மீ. வளையம் 20 மி.மீ. இடைவெளி தரும். ஆனால் கடைசி அடி முழுவதும் ஒரே காலில் விழும், சீல் ஹெட்டும் அதைப் பிடிக்கும் வளையமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தயாரிப்பாளரே அந்த மாடலுக்கென்று விற்கும் பாகமாக இருந்தால் ஒழிய அதில் இறங்க வேண்டாம்.

டிராவலைக் குறைப்பதற்கு வேறொரு நல்ல உபயோகம் இருக்கிறது. அது பின்னால் வரும்.

பெரிய ஃபோர்க்கில் சிறிய சக்கரம்

29 ஃபோர்க்கில் 27.5 பூட்டுவது நான்கு வழிகளில் மிக எளிது. டிஸ்க் பிரேக் காலிப்பர் ஆக்சிலை ஒட்டி நிற்பதால் சக்கர அளவு மாறியது அதற்குத் தெரியவே தெரியாது. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் பொருந்தினால் போதும். ரிம் பிரேக் பூட்டும் பழைய ஃபோர்க் என்றால் இந்தப் பேச்சே இல்லை, பேடு ரிம்மை எட்டாது.

சிக்கல் வடிவவியலில். 2.3 டயரோடு முன் சக்கரம் மட்டும் 29லிருந்து 27.5க்கு இறங்கினால் வண்டியின் முகம் 19 மி.மீ. தாழும். வீல்பேஸ் 1180 மி.மீ. உள்ள பைக்கில் ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் சாய்ந்து நிற்கும் கோணம்) ஏறக்குறைய 0.9 டிகிரி நிமிரும், பாட்டம் பிராக்கெட் (பெடல் கிராங்க் சுழலும் இடம்) 7 மி.மீ. இறங்கும். கூடவே ஆஃப்செட்டும் (திருப்பும் அச்சுக்கு முன்னால் ஆக்சில் தள்ளி நிற்கும் தூரம்) பொருந்தாமல் நிற்கும். 29 ஃபோர்க்குகளின் ஆஃப்செட் பெரும்பாலும் 51 அல்லது 44, 42 மி.மீ.; 27.5க்கானவை 44, 42, 37 என்ற வட்டத்தில் வரும். ஹெட் ஆங்கிள் 66 டிகிரியில் வைத்துக் கணக்கிட்டால், 27.5×2.3 சக்கரம் 44 ஆஃப்செட்டில் தரும் டிரெயில் (திருப்பும் அச்சு தரையைச் சேரும் புள்ளிக்குப் பின்னால் டயர் தொடும் இடம் இருக்கும் தூரம்) 108 மி.மீ.; அதே சக்கரம் 51இல் 100. இந்த 8 மி.மீ. குறைவு மெதுவான ஏற்றத்தில் கைக்கு லகுவாகவே இருக்கும், வேகமான இறக்கத்தில்தான் முன் சக்கரம் நிலையில்லாமல் தடுமாறுவதுபோல் தெரியும். ஹெட் ஆங்கிளும் சேர்ந்து நிமிர்ந்தால் டிரெயில் இன்னும் குறையும்.

இரண்டு சக்கரங்களையும் 27.5 ஆக்கினால் கோணம் மாறாது. ஆனால் பாட்டம் பிராக்கெட் முழு 19 மி.மீ. இறங்கும், பெடல் கல்லில் தட்டத் தொடங்கும். 175 மி.மீ. கிராங்கை 165 ஆக்கினால் அதில் 10 திரும்பக் கிடைக்கும். இதைவிட நேர்த்தியான வழி 27.5×2.8 அல்லது 3.0. மேலே உள்ள பட்டியலின்படி 29×2.3க்கும் 27.5×2.8க்கும் 6 மி.மீ.தான் வித்தியாசம், வடிவவியல் கிட்டத்தட்ட அசையாது. பூஸ்ட் இல்லாத 15×100 லோயரில் மட்டும் கால்களுக்கு இடையே அந்த அகலத்துக்கு இடம் போதாமல் போகலாம். அளந்த பிறகே வாங்க வேண்டும்.

இதையே வேறு கோணத்தில் பார்ப்பவர்களும் உண்டு: பைக் 27.5தான், ஆனால் வாங்குவது 29 ஃபோர்க். ஒரே டிராவலில் 29 ஃபோர்க் 27.5 ஃபோர்க்கைவிட 20 மி.மீ. அளவுக்கு நீளம். 29 ஃபோர்க்கில் 20 மி.மீ. குட்டையான ஏர் ஷாஃப்ட் போட்டால் நீளம் பழையபடி வந்துவிடும். டிராவல் குறைப்புக்கு நல்ல உபயோகம் இருக்கிறது என்றது இதைத்தான். இன்று 27.5, நாளை வேறு ஃப்ரேமில் 29 என்று யோசிப்பவருக்கு இது புத்திசாலித்தனமான வாங்கல். ஷாஃப்டைக் குட்டையாக்கினால் காற்றறையின் கொள்ளளவு மாறாமல் அமுங்கும் தூரம் மட்டும் குறைகிறது. முடிவில் காற்று முன்பளவு இறுகாது. ஒரு டோக்கன் கூட்டிச் சரிக்கட்டலாம்.

26லிருந்து 27.5

இதில் பல சமயம் ஃபோர்க்கைத் தொடவே வேண்டியதில்லை. 26×2.5 டயருக்கு அனுமதி பெற்ற ஃபோர்க்குக்கு 343 மி.மீ. ஆரம் பழக்கம், 27.5×2.1 வெறும் 2 மி.மீ. பெரிது. 27.5 அளவை மவுண்டன் பைக்குக்குக் கொண்டுவந்த கிர்க் பசென்டி 2007இல் அதற்கான டயரை அறிமுகம் செய்தபோது அந்த அளவுக்கென்று ஃபோர்க்குகள் கடைக்கு வரவில்லை. ஆரம்பத்தில் அதை எடுத்தவர்கள் 26 ஃபோர்க்கில்தான் ஓட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் 2.25க்கு மேல் டயர் வேண்டுமென்றால் ஆர்ச் இடிக்கும். பெரிய சக்கரத்துக்கு மாறிவிட்டு ஒல்லி டயர் போடுவதில் அர்த்தம் குறைவு, முன்பிருந்த 26×2.4 தந்த பிடிப்பும் மெத்தையும் 27.5×2.1இல் கிடைக்காது. ஆகவே இது, வீட்டில் 27.5 சக்கரம் சும்மா கிடக்கிறது என்பவருக்கான வழி. புதிதாகச் சக்கரம் வாங்கி இதைச் செய்வது வீண்.

லோயரை மட்டும் மாற்றுவது

27.5 ஃபோர்க்கை உண்மையாகவே 29 ஆக்குவது என்றால் இதுதான். 29 லோயரில் ஆர்ச் உயரத்தில் இருக்கும், ஆக்சிலும் கிரவுனிலிருந்து தள்ளி அமையும். முழுக்க அமுங்கிய நிலையில் தேவைப்படும் இடம் இதனால் கிடைக்கிறது. ஃபோர்க்கின் விலையுயர்ந்த பாதி, அதாவது டாம்பரும் (ஃபோர்க்கின் அசைவு வேகத்தை எண்ணெயால் கட்டுப்படுத்தும் பாகம்) ஸ்டான்ஷனும், கையில் நல்ல நிலையில் இருந்தால் இது லாபம்.

பொருத்தம் பார்ப்பதில்தான் பாதி வேலை. ஸ்டான்ஷன் விட்டம் 32, 34, 35, 36, 38 என்று பல. இரண்டு ஃபோர்க்கிலும் 35 என்பது மட்டும் போதாது. ஒரே தயாரிப்பாளர், ஒரே வரிசை, ஒரே தலைமுறை, பூஸ்ட் என்றால் இரண்டும் பூஸ்ட். அதற்கு மேல் உதிரிபாகப் பட்டியலைத் திறந்து மூன்று பாக எண்களை ஒப்பிடுங்கள்: லோயர், ஏர் ஷாஃப்ட், டாம்பர். இரண்டு சக்கர அளவுக்கும் ஒரே டாம்பர் எண் போட்டிருந்தால் வழி திறந்திருக்கிறது. வேறு வேறு எண் என்றால் டாம்பர் தண்டின் நீளம் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். லோயரோடு டாம்பரும் வாங்க வேண்டி வரும், அதற்கு முழு ஃபோர்க்கே வாங்கிவிடலாம். கிரவுனில் கடகடவென்று சத்தம் வருகிறது, ஸ்டான்ஷன் பூச்சு தேய்ந்திருக்கிறது என்றாலும் லோயர் வாங்கக் கூடாது. புது வேட்டியைக் கிழிந்த சட்டையோடு உடுத்துவதுபோல் ஆகும்.

ஆஃப்செட் கிரவுனில் கொஞ்சம், லோயரில் கொஞ்சம் என்று பிரிந்திருக்கும். 27.5 கிரவுனை 29 லோயரோடு சேர்த்தால் பட்டியலில் இல்லாத ஒரு ஆஃப்செட் வரலாம். ஆஃப்செட் 7 மி.மீ. மாறினால் டிரெயில் 8 மி.மீ. அளவுக்கு மாறும். பழகிக்கொள்ளக்கூடியதுதான், இதற்காக யாரும் பின்வாங்க வேண்டியதில்லை.

வேலை இப்படி. காற்றழுத்தத்தைக் குறித்துக்கொண்டு மெல்ல விடுங்கள். ஃபோர்க் மீளும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் குமிழைக் கழற்றுங்கள். அடிப் போல்ட்டுகளை முழுக்க எடுக்காமல் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, சாவி போல்ட்டிலேயே இருக்க, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு; லோயரில் இறுகிப் பிடித்திருக்கும் ஷாஃப்ட் விடுபடும் சத்தம் கேட்கும். நட்டு வைத்த மாடல்களில் நட்டை ஷாஃப்ட் நுனியோடு சமமாக நிறுத்தித் தட்டினால் மரை சிதையாது. கீழே தட்டு வைத்து எண்ணெயை வடித்து, லோயரை நேராக இழுத்து எடுங்கள்.

ஸ்டான்ஷனை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நகத்தால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறல் புது சீலை அறுக்கும். புது லோயரின் நுரை வளையங்களை எண்ணெயில் ஊறவைத்து, தூசி தடுக்கும் வைப்பர் சீலின் உதட்டில் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள்.

எண்ணெய் ஊற்றுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு, பலர் தாண்டிப்போவது. லோயரை ஸ்டான்ஷனில் ஏற்றி, போல்ட் போடாமல், மேலும் கீழும் விட்டுப் பாருங்கள். லோயர் தன் எடையிலேயே வழுக்க வேண்டும். பாதியில் நின்றால் புஷ்ஷிங் (லோயருக்குள் ஸ்டான்ஷன் வழுக்கும் வளையம்) இறுக்கம். ஆட்டினால் கடக்கென்றால் தளர்ச்சி. பழைய ஸ்டான்ஷனும் வேறொரு லோயரின் புஷ்ஷிங்கும் ஒன்றோடொன்று பழகியவை அல்ல, ஆகவே இறுக்கம் வருவது சகஜம். அதற்குரிய கருவியால் புஷ்ஷிங்கை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியே ஓட்டினால் ஃபோர்க் சின்ன அதிர்வுகளுக்கு அசையாது, புஷ்ஷிங் ஸ்டான்ஷன் பூச்சையும் தின்னும்.

பிறகு ஃபோர்க்கைச் சாய்த்துப் பிடித்து, லோயரைப் பாதிவரை ஏற்றிய நிலையில், அடித் துளை வழியாக ஊசிக்குழலால் எண்ணெய் விடுங்கள். அளவு மாடலுக்கு மாடல், காலுக்குக் கால் வேறு. 5 மில்லியிலிருந்து 40 மில்லி வரை போகும், அட்டவணையைப் பார்த்தே விட வேண்டும். ஊசி உள்ளீடற்ற ஷாஃப்டுக்குள் போய்விடாமல் பக்கவாட்டில் திருப்பிப் பிடியுங்கள். ஷாஃப்ட் நுனி துளையில் தெரியும் வரை லோயரை ஏற்றி, புது நசுங்கு வாஷரோடு போல்ட்டைப் போடுங்கள். பழைய வாஷர் கசியக்கூடும். முறுக்கு ராக்‌ஷாக்ஸில் 7.3 நியூட்டன் மீட்டர், ஃபாக்ஸில் 5.65 என்பது வழக்கமான அளவு.

இங்கே தகராறு செய்வன பெரும்பாலும் இவை. போல்ட் இரண்டே மரையில் நிற்கிறது, அல்லது எட்டவே இல்லை: தண்டு நீளம் பொருந்தவில்லை, இழுத்து முறுக்காதீர்கள். முழுக்க நீளும்போது டாம்பர் பக்கம் டக்கென்று தட்டுகிறது: ஏர் ஷாஃப்டுக்குப் பதில் டாம்பர் நீட்சியைத் தடுக்கிறது, ஷாஃப்ட் அளவு தப்பு. டிராவல் 15, 20 மி.மீ. குறைவாகத் தெரிகிறது, மேலே ஏறும்போதும் இறுக்கம்: லோயரை முழுக்க அமுக்கிய நிலையில் பூட்டிவிட்டதால் நீளும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி ஃபோர்க்கை இழுத்துப் பிடிக்கலாம், வைப்பர் சீலுக்கு அடியில் முனை மழுக்கிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையைச் செருகினால் காற்று சீறலோடு உள்ளே போகும்.

எல்லாம் பூட்டியதும் முதலில் சொன்ன அளவை மறுபடி எடுங்கள். காற்றில்லாமல், சக்கரத்தோடு, முழுக்க அமுக்கி. இதை விட்டுவிட்டு ஓட்டப் போகாதீர்கள்.

லோயர் மாறினால் பிரேக் பூட்டும் இடமும் மாறலாம். பழைய லோயர் போஸ்ட் மவுண்ட் 160 (அடாப்டர் இல்லாமல் 160 மி.மீ. ரோட்டருக்கு நேராகக் காலிப்பர் பூட்டும் வகை), புதியது 180 என்றால், 180 ரோட்டருக்குப் போட்டிருந்த 20 மி.மீ. அடாப்டரைக் கழற்றிவிட்டு காலிப்பரை நேராகப் பூட்ட வேண்டும். 160 ரோட்டர் வைத்திருப்பவர் பெரிய ரோட்டருக்கு மாற வேண்டும்.

பைக் எப்படி மாறும்

27.5 பைக்கின் முன்பக்கம் 29 ஆகும்போது உயரம் இரண்டு இடத்தில் கூடுகிறது: சக்கரத்தால் 19, ஃபோர்க் நீளத்தால் (சாய்ந்து நிற்பதால் 20இல்) சுமார் 18 மி.மீ. டிராவலை அப்படியே விட்டால் மொத்தம் 37. ஹெட் ஆங்கிள் 1.8 டிகிரி படுத்துவிடும், சீட்டும் அதே அளவு பின்னால் சாயும், பாட்டம் பிராக்கெட் 13 மி.மீ. ஏறும். ஏற்றத்தில் முன் சக்கரம் மிதக்கும். ஏர் ஷாஃப்டை 20 மி.மீ. குறைத்தால் பாதி திரும்பி வரும்: 0.9 டிகிரி, 7 மி.மீ. பெரும்பாலான ஃப்ரேம்கள் இதைத் தாங்கும். பின்னால் 27.5, முன்னால் 29 என்று ஓட்ட விரும்புபவர் இறங்க வேண்டிய அளவு இதுதான். ஃப்ரேம் தயாரிப்பாளர் அச்சு முதல் கிரவுன் வரைக்கு ஓர் உச்ச அளவு கொடுத்திருப்பார். அதைத் தாண்டினால் ஹெட் டியூப் வெல்டிங்கில் விரிசல் வந்தபின் உத்தரவாதம் கேட்க முடியாது.

ஃபோர்க்கையே மாற்றுவது

நேர்வழி. சிக்கல் ஸ்டீரரில்தான், அதாவது ஃபோர்க்கின் மேலே ஹெட் டியூபுக்குள் போகும் குழாயில். பழைய 26 ஃப்ரேம்களில் பல நேர் ஸ்டீரருக்கானவை, இன்றைய நல்ல ஃபோர்க்குகள் அடி அகன்ற டேப்பர் ஸ்டீரர் கொண்டவை. ஹெட் டியூபின் உள்விட்டம் 44 மி.மீ. என்றால் வெளியே நிற்கும் கீழ்க் கப் போட்டு டேப்பர் ஃபோர்க்கை ஏற்றலாம். அந்தக் கப் பத்துப் பன்னிரண்டு மி.மீ. உயரம் கூட்டும், ஃபோர்க் டிராவலைத் தேர்வு செய்யும்போது அதையும் சேருங்கள். உள்விட்டம் 34 மி.மீ. என்றால் டேப்பர் ஏறவே ஏறாது.

பயன்படுத்திய ஃபோர்க் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது ஸ்டீரர் நீளம். ஹெட் டியூப், ஹெட்செட்டின் மேல் கீழ்ப் பகுதிகள், ஸ்பேசர், ஸ்டெம் உயரம் எல்லாம் கூட்டி 3 மி.மீ. கழித்தால் வேண்டிய அளவு. குட்டையாக வெட்டிய ஸ்டீரரை நீட்ட வழியில்லை.

ஹப்

முன் ஹப் அளவுகள் (ஆக்சில் விட்டம் × ஹப் அகலம், மி.மீ.): 9×100 குயிக் ரிலீஸ், 15×100, 15×110 பூஸ்ட், 20×110. பழைய 15×100 ஹப்பைப் பூஸ்ட் லோயரில் போட பக்கத்துக்கு 5 மி.மீ. எண்ட் கேப்பும், ரோட்டருக்கு அடியில் 5 மி.மீ. ஸ்பேசரும், அதற்கேற்ற நீளப் போல்ட்டுகளும் வேண்டும். பூஸ்ட் ஹப்பை 100 மி.மீ. ஃபோர்க்கில் நுழைக்க முடியாது. ராக்‌ஷாக்ஸ் லோயர்கள் சிலவற்றில் 31 மி.மீ. டார்க் கேப்புக்கான (ஹப்பின் அகன்ற எண்ட் கேப்) குழி இருக்கும், 21 மி.மீ. சாதா கேப் ஹப்பும் வேலை செய்யும், ஆனால் ஆக்சில் துளையைக் கண்ணால் பார்த்துச் சேர்க்க வேண்டும், தானாக உட்காராது.

ஹப்பை வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் மாற்றி மறுபின்னல் செய்யலாம். ஸ்போக் பழசு உதவாது, 27.5லிருந்து 29க்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 19 மி.மீ. நீளம் கூடும்.

யாருக்கு எது

27.5 ஃபோர்க் நல்ல நிலையில், அதே வரிசையின் 29 லோயர் கிடைக்கிறது, டாம்பர் எண்ணும் ஒன்றுதான் என்பவர் லோயர் மாற்றட்டும், 20 மி.மீ. குட்டையான ஏர் ஷாஃப்டையும் சேர்த்து வாங்கட்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஃபோர்க்கை விற்றுவிட்டு 29 ஃபோர்க்கே வாங்குவதுதான் செலவிலும் தலைவலியிலும் குறைவு. ஆரம்பநிலை ஸ்பிரிங் ஃபோர்க்குகளுக்குத் தனி லோயர் கிடைப்பதே அரிது, அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. 29இலிருந்து இறங்குபவர் 27.5×2.8 பிளஸ் டயரோடு நிறுத்திக்கொள்ளட்டும். 26 வைத்திருப்பவர் அளந்து பார்த்து 2.1 போட்டு ஓட்டட்டும், அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் முதல் சில சவாரிகளுக்குக் கிரவுனின் அடியிலும் ஆர்ச்சின் அடியிலும் வெள்ளை மின்சார டேப் ஒரு துண்டு ஒட்டிவையுங்கள். ஸ்டான்ஷனில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். வளையம் முழு டிராவலைக் காட்டியும் டேப் வெள்ளையாகவே இருந்தால் அளவு சரி. ஆர்ச் டேப்பில் கறுப்புத் தீற்றல் என்றால் டயர் அகலத்தை ஒரு படி குறையுங்கள். கிரவுன் டேப்பில் தீற்றல் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்புங்கள்.